ஸ்டார் ஃபாக்ஸ்: இருக்கிற ஐந்தில் எதை முதலில் ஆடுவது?

பழைய கன்சோல் கேம்களில் விண்கலத்தை ஓட்டிச் சுடுகிற வகையில் ஒன்றை ஆடிப் பார்க்க வேண்டும் என்று யார் கேட்டாலும் ஸ்டார் ஃபாக்ஸ் பெயர் கட்டாயம் அடிபடும். சரி என்று தேடப் போனால் அங்கே ஒன்றல்ல, வரிசையாக நிற்கின்றன. 1993-இல் சூப்பர் நின்டெண்டோவில் வந்த முதல் கேம், 1995 வாக்கில் முடிந்தும் 2017 வரை பெட்டிக்குள்ளேயே கிடந்த ஸ்டார் ஃபாக்ஸ் 2, 1997-இன் ஸ்டார் ஃபாக்ஸ் 64, அதையே புதுப்பித்து 2011-இல் 3டிஎஸ் கருவிக்குக் கொண்டுவந்த ஸ்டார் ஃபாக்ஸ் 64 3டி, கடைசியாக 2016-இல் வீ யூவுக்கு வந்த ஸ்டார் ஃபாக்ஸ் ஜீரோ. இந்த ஐந்தும் கிட்டத்தட்ட ஒரே கதைதான். ஆண்ட்ராஸ் என்ற பைத்தியக்கார விஞ்ஞானி வீனம் கிரகத்தில் உட்கார்ந்துகொண்டு கொர்னேரியா கிரகத்தின் மீது படையெடுக்கிறான், ஃபாக்ஸ் என்ற நரியும் அவனுடைய மூன்று கூட்டாளிகளும் ஆர்விங் விமானங்களில் போய் அடக்குகிறார்கள். அதனால் கதையை வைத்து எதையும் தேர்ந்தெடுக்க முடியாது.

(அட்வெஞ்சர்ஸ், அசால்ட், கமாண்ட் ஆகிய மூன்றையும் வேண்டுமென்றே விட்டுவிட்டேன். முதலாவதில் பெரும்பாலான நேரம் கையில் கோலுடன் டைனோசர்களுக்கு நடுவே நடக்கிறீர்கள். இரண்டாவதில் பாதி நேரம் தரையில். மூன்றாவது டிஎஸ் கருவியின் தொடுதிரையில் கோடு வரைந்து விமானத்தை அனுப்பும் விஷயம். கெட்ட கேம்கள் என்று சொல்லவில்லை, கேட்ட கேள்விக்குப் பதில் அவை அல்ல, அவ்வளவுதான்.)

ஒப்பிடுவதற்கு முன்னால் ஒன்று. இவை எல்லாமே சின்ன கேம்கள். முதல் கேமை ஒரு மணி நேரத்துக்குள் முடித்துவிடலாம், 64-உம் ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ அவ்வளவே. நாற்பது மணி நேரம் ஓடும் கேம்களுக்குப் பழகியவர் இறுதித் திரையைப் பார்த்ததும் "இவ்வளவுதானா" என்று கழற்றி வைத்துவிடுவார், அங்கேதான் தவறு நடக்கிறது. ஒரு தடவை முடிப்பது இவற்றில் பயிற்சி மாதிரி, வேறு வழியில், இன்னும் அதிக எதிரிகளை வீழ்த்தி, கூட்டாளி யாரையும் பறிகொடுக்காமல் திரும்பத் திரும்ப ஆடுவதுதான் கேமே. அதனால் நான் வைக்கிற அளவுகோல் ஒன்றுதான்: முடித்த கையோடு இன்னொரு சுற்று போகலாம் என்று எது தோன்ற வைக்கிறது? படம் அழகா, எந்த ஆண்டு, எவ்வளவு புகழ் என்பதெல்லாம் அப்புறம்.

முதல் கேமிலிருந்து ஆரம்பிப்போம். சூப்பர் நின்டெண்டோவின் செயலி 3.58 மெகாஹெர்ட்ஸ் வேகத்தில் ஓடுவது, முப்பரிமாணக் கணக்கெல்லாம் அதனால் ஆகிற வேலை இல்லை. பிரிட்டனைச் சேர்ந்த ஆர்கோனாட் நிறுவனத்து இளைஞர்கள் இதற்கென்றே சூப்பர் எஃப்எக்ஸ் என்ற சிப்பை வடிவமைத்தார்கள், அது கன்சோலுக்குள் இல்லை, கேமைப் பதிந்து விற்கும் செருகுபெட்டியான கார்ட்ரிட்ஜுக்குள்ளேயே இருந்தது. அதாவது கேம் தனக்கு வேண்டிய கணிப்பொறியைத் தானே சுமந்துகொண்டு வந்தது. டிலன் கத்பர்ட், கைல்ஸ் காடர்ட் போன்றவர்கள் கியோட்டோவுக்கே போய் நின்டெண்டோ ஆட்களுடன் உட்கார்ந்து நிரல் எழுதினார்கள். ஷிகெரு மியாமோட்டோ தயாரிப்பாளர், இயக்கியவர் கட்சுயா எகுச்சி. நின்டெண்டோ அலுவலகத்துக்குப் பக்கத்திலேயே ஃபுஷிமி இனாரி கோயில் இருக்கிறது, வரிசையாகச் சிவப்பு வளைவுகள், எங்கு பார்த்தாலும் நரிச் சிலைகள். நாயகன் நரியானதும், கேம் முழுக்க வளைவுகளுக்கு நடுவே புகுந்து பறப்பதும் அங்கிருந்து வந்ததாக மியாமோட்டோவே சொல்லியிருக்கிறார்.

இன்று அதை ஆடினால் எப்படி இருக்கிறது? முதல் ஐந்து நிமிடம் கண் உறுத்தும். நொடிக்கு ஓடும் ஃபிரேம்கள் பெரும்பாலும் 20-க்குக் கீழே, எதிரிகள் கூடினால் இன்னும் தடுமாறும். உருவங்களைக் கட்டும் தட்டைத் துண்டுகளான பாலிகன்களில் பெரும்பாலானவற்றின் மேல் எந்தப் படமும் ஒட்டப்படவில்லை, மொட்டை நிறம்தான். எனக்கு அது குறையாகவே தெரிவதில்லை, சாம்பல் நிறக் கட்டங்களும் கூம்புகளும் சேர்ந்து ஒரு நகரம் என்று நம்ப வைக்கும் அந்தத் துணிச்சலை இன்றைய பளபளப்பில் பார்க்க முடியாது. ஹஜிமே ஹிராசாவாவின் இசையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை, கொர்னேரியா லெவலின் இசை ஆரம்பித்த சில நொடிகளில் ஃபிரேம் கணக்கை மறந்துவிடுவீர்கள்.

உண்மையான சிக்கல் வேறு இடத்தில். பின்னாலிருந்து விமானத்தைப் பார்க்கும் கோணத்தில் குறி பார்க்கும் அடையாளமே திரையில் இருக்காது, விமானி இருக்கையிலிருந்து பார்க்கும் கோணத்துக்குப் போனால்தான் வரும். மற்ற நேரமெல்லாம் ஆர்விங்கின் மூக்கு எங்கே நீட்டுகிறது, லேசர் எங்கே போய் விழுகிறது என்று கண்ணாலேயே கணித்துச் சுட வேண்டும். பழகினால் வரும், ஆனால் பழக வேண்டும். அதோடு கூட்டாளி ஒருவர் வீழ்ந்தால் அந்தச் சுற்று முழுக்க அவர் இல்லை. லெவலுக்கு லெவல் அவர்களின் ஷீல்டு அளவைக் காட்டும் திரையில் ஒரு முகம் காணாமல் போயிருப்பது கொஞ்சம் கலங்கடிக்கத்தான் செய்யும்.

வழிகள் மூன்று, ஆரம்பத்திலேயே வரைபடத்தில் தேர்ந்தெடுக்க வேண்டும், பொதுவாக நடுவில் மாற முடியாது. கடினம் கூடக்கூட லெவல்களும் வேறாகின்றன, ஆகவே மூன்றையும் ஆடினால்தான் முழு கேமையும் பார்த்ததாகும். ஸ்பேஸ் அர்மாடா என்ற லெவலில் எதிரியின் ராட்சதப் போர்க்கப்பல்களின் வயிற்றுக்குள்ளேயே நுழைந்து அவற்றை இயக்கும் மையத்தைத் தகர்த்துவிட்டு வெளியே பறக்கிறீர்கள், 1993-இல் வீட்டுத் தொலைக்காட்சியில் இதைப் பார்த்தவர்கள் ஏன் வாய் பிளந்தார்கள் என்பது இன்றும் புரியும். பறவையொன்றின் வழியாக நுழையும் ரகசிய லெவலும் உண்டு, கடைசியில் ஸ்லாட் மெஷின் ஒன்றுடன் சண்டை, அதற்கப்புறம் கேம் முடியவே முடியாது, எழுத்துகள் மிதந்துகொண்டே இருக்கும், நீங்களாகக் கன்சோலை அணைக்க வேண்டும். இப்படியொரு கிறுக்குத்தனத்தை யார் அனுமதித்தார்களோ, அவர்கள் நன்றாக இருக்கட்டும்.

ஆக என் அளவுகோலில் இதற்கு நல்ல மதிப்பெண், ஆனால் முழு மதிப்பெண் இல்லை. இரண்டாம் சுற்றுக்குக் கூப்பிடும், கூடவே பொறுமையையும் கேட்கும்.

ஸ்டார் ஃபாக்ஸ் 2-இன் வரலாறு அதன் ஆட்டத்தைவிடச் சுவாரசியமானது. முடித்து வைத்திருந்த நேரத்தில் போட்டிக் கன்சோல்களான பிளேஸ்டேஷனும் சாட்டர்னும் வந்துவிட்டன, நின்டெண்டோ 64-உம் வரப்போகிறது, இந்த நேரத்தில் பழைய கன்சோலின் முப்பரிமாணத்தை அவற்றின் பக்கத்தில் நிற்க வைக்க வேண்டாம் என்று நின்டெண்டோ நிறுத்திவிட்டது. 2017 செப்டம்பரில் சின்ன சூப்பர் நின்டெண்டோ கிளாசிக் பெட்டியில்தான் முறைப்படி வெளியானது, அதிலும் முதல் கேமின் முதல் லெவலை முடித்துக் காட்டினால்தான் திறக்கும்.

ஆட்டம் முற்றிலும் வேறு. ஒரு வரைபடம், அதில் எதிரியின் ஏவுகணைகளும் கப்பல்களும் கொர்னேரியாவை நோக்கி நகர்ந்துகொண்டே இருக்கும், ஆறு விமானிகளில் இருவரை எடுத்துக்கொண்டு நீங்கள் இடைமறிக்க வேண்டும். ஒரு கிரகத்துக்குள் புகுந்து தளத்தைத் தகர்த்துக்கொண்டிருக்கும்போதும் வெளியே கடிகாரம் ஓடும். கொர்னேரியாவின் சேதம் 100 சதவீதத்தைத் தொட்டால் ஆட்டம் முடிந்தது. ஆர்விங் இரண்டு கால் முளைத்து நடக்கவும் செய்யும். யோசனை அருமை. ஆனால் அந்தப் பழைய சிப்பின் அடுத்த வடிவமும் இதைத் தூக்கச் சிரமப்படுகிறது, எல்லாத் திசையிலும் திரும்பிப் பறக்கும் சண்டைகளில் எதிரி எங்கே போனான் என்று தேடுவதிலேயே நேரம் போய்விடும். சாதாரணக் கடினத்தில் சட்டென்று முடிந்தும் விடும். முதலில் ஆடுவதற்கானது இல்லை இது. மற்றதெல்லாம் பிடித்துப்போனவர் ஒரு மாலையில் உட்கார்ந்து "அட, 64-இல் பார்த்தது இங்கேயே இருந்திருக்கிறதே" என்று சொல்லிக்கொள்வதற்கானது. எல்லாத் திசையிலும் பறக்கும் சண்டை, ஸ்டார் உல்ஃப் என்ற போட்டி அணி, இரண்டும் இங்கிருந்து போனவைதான்.

இப்போது 64. என் பதில் இதுதான், ஆகவே கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

1997 ஏப்ரலில் ஜப்பானிலும் கோடையில் அமெரிக்காவிலும் வந்தது. கண்ட்ரோலரை அதிர வைக்கும் ரம்பிள் பாக் இதனுடன் சேர்த்தே விற்கப்பட்டது. இன்று எல்லாக் கண்ட்ரோலரும் அதிர்வதற்கான பாதையில் இது ஒரு முக்கியப் படி. எல்லாப் பாத்திரங்களுக்கும் குரல் உண்டு. பெப்பி என்ற முயல் கத்தும் "டூ அ பேரல் ரோல்" என்ற ஒரு வரி கேமையே தெரியாதவர்கள் வாயிலும் புழங்கி, 2011-இல் கூகுள் தேடலில் அதைத் தட்டினால் பக்கமே ஒரு சுற்று சுற்றும் அளவுக்குப் போனது. இதெல்லாம் பெருமை, ஆனால் பெருமைக்காக நான் இதைச் சொல்லவில்லை.

முக்கியம் வழிகள். முதல் கேமில் வழியை வரைபடத்தில் தேர்ந்தெடுத்தீர்கள், இங்கே பறக்கும் விதம் வழியைத் தீர்மானிக்கிறது. 15 இடங்கள், கொர்னேரியாவில் தொடங்கி வீனத்தில் முடியும், ஆனால் ஒரு சுற்றில் 7 லெவல்தான் பார்ப்பீர்கள். கொர்னேரியாவிலேயே பாருங்கள். கூட்டாளி ஃபால்கோவைத் துரத்துகிறவனைச் சுட்டு வீழ்த்தி, ஏரியின் மேல் நிற்கும் கல் வளைவுகள் ஒவ்வொன்றின் அடியிலும் விடாமல் புகுந்து பறந்தால், லெவலின் பிற்பகுதியில் ஃபால்கோ தன் பின்னால் வரச் சொல்லி ஓர் அருவிக்குள் நுழைவான். உள்ளே வேறு பாதை, வேறு பாஸ் (லெவலின் கடைசியில் வரும் பெரிய எதிரி), அடுத்து மெட்டியோவுக்குப் பதிலாக செக்டர் ஒய். இதை கேம் எங்கும் விளக்காது. முதல் தடவை வளைவுகளைத் தாண்டிப் போய்விடுவீர்கள், பத்தாவது தடவை ஒரு வளைவைத் தவறவிட்டால் மறு ஆட்டத்தை அங்கேயே ஆரம்பிப்பீர்கள்.

கூட்டாளிகளும் சும்மா இல்லை. ஸ்லிப்பி என்ற தவளையை எல்லாரும் திட்டுவார்கள், எப்போது பார்த்தாலும் "என்னைக் காப்பாற்று" என்று கூவிக்கொண்டிருப்பான். அவன் வீழ்ந்து அடுத்த லெவலுக்கு வராமல் போனால்தான் தெரியும், பாஸின் உயிர்க்கோடு திரையில் வருவதே அவன் ஆராய்ந்து சொல்வதால்தான் என்று. செக்டர் எக்ஸில் பாஸை வேகமாக முடிக்காவிட்டால் அது ஸ்லிப்பியை ஒரு தட்டு தட்டி டைட்டானியா கிரகத்தில் போய் விழ வைக்கும், அப்புறம் உங்கள் பயணம் அவனைத் தேடி டாங்கியில் அங்கே போகும். தோற்றதற்குத் தண்டனை கேம் ஓவர் இல்லை, வேறொரு கதை. இந்த ஒரு யோசனைக்காகவே எகுச்சி தொடங்கி வைத்த இந்தத் தொடரின் மற்ற எல்லாவற்றையும் விட 64-ஐ மேலே வைப்பேன்.

மேக்பெத் லெவலைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. லாண்ட்மாஸ்டர் டாங்கியில் ஒரு சரக்கு ரயிலின் பக்கத்திலேயே ஓடிக்கொண்டு சுடுகிறீர்கள். ரயிலை நேராக அழித்தும் முடிக்கலாம். ஆனால் வழியெங்கும் இருக்கும் 8 சுவிட்சுகளையும் சுட்டுவிட்டு, கடைசியில் தண்டவாளம் பிரியும் இடத்துச் சுவிட்சையும் அடித்துவிட்டால், ரயில் தடம் மாறி நேராக எரிபொருள் கிடங்குக்குள் போய் மோதும். வரிசையாக வெடிக்கும் அந்தக் காட்சிக்காக அதை எத்தனை முறை ஆடினாலும் அலுக்காது. ஒரு சுவிட்ச் தப்பினால் போச்சு, பாஸுடன் மல்லுக்கட்ட வேண்டியதுதான்.

அடுத்து, வீழ்த்திய எதிரிகளின் எண்ணிக்கை. லேசர் பொத்தானை அழுத்திப் பிடித்தால் ஒளிக்குண்டு திரளும், எதிரியைத் தானே பூட்டிக்கொள்ளும், ஒரே வெடிப்பில் கூட்டமாக விழுந்தவர்களுக்குக் கூடுதல் எண்ணிக்கை கிடைக்கும். கொர்னேரியாவில் 150-ஐ எட்டி, மூன்று கூட்டாளிகளும் உயிருடன் இருந்தால் பதக்கம். இது தெரிந்த பிறகு அதே லெவல் வேறு லெவலாகிவிடும்: எந்த வளைவில் எந்தக் கூட்டம் வரும், யாரைத் தனியாகச் சுடாமல் காத்திருந்து மூன்றாகச் சேர்த்து அடிக்க வேண்டும் என்று மனப்பாடம் ஆகும். இறுதியிலும் இரண்டு முகம் உண்டு. போல்ஸ் வழியாக வீனத்துக்குப் போனால் பார்ப்பது ஒரு போலி முடிவு, ஏரியா 6 வழியாகப் போனால்தான் உண்மையான ஆண்ட்ராஸ்.

குறை இல்லாமல் இல்லை. சுற்றின் நடுவே சேமிக்க முடியாது, அக்வாஸ் என்ற நீர்மூழ்கி லெவல் மெதுவாக, இருட்டாக நகரும், எனக்கு அது எப்போதும் தவிர்க்க வேண்டிய வழிதான். திரை மங்கலாகவும் தெரியும், அந்தக் கன்சோலின் இயல்பு அது.

சரி, அந்த மங்கலைத் துடைத்துக் கொடுத்ததுதானே 3டி ரீமேக், அதையே ஆடலாமே? நியாயமான கேள்வி. முதல் கேமில் வேலை செய்த கத்பர்ட் பின்னாளில் கியோட்டோவில் தொடங்கிய கியூ-கேம்ஸ்தான் நின்டெண்டோவுடன் சேர்ந்து இதைச் செய்தது, வேலை சுத்தம். நீர், நெருப்பு, நிலப்பரப்பு எல்லாம் புதிது, கருவியைச் சாய்த்தும் ஓட்டலாம், பழைய கடினத்துக்கு ஒன்றும் கொஞ்சம் இளகிய கடினத்துக்கு ஒன்றுமாக இரண்டு முறைகள் உண்டு. கண்ணாடி இல்லாமல் தெரியும் அந்த முப்பரிமாணத் திரையில் வளைவுகளுக்கான தூரம் நிஜமாகவே பிடிபடும், இது வெறும் அலங்காரம் இல்லை, ஆட்டத்துக்கே உதவுகிறது. என் அளவுகோலில் 64-க்குச் சமமாக நிற்பது இது ஒன்றுதான். 3டிஎஸ் கையில் இருந்தால் யோசிக்காமல் இதையே எடுங்கள்.

கையில் இல்லாவிட்டால் இதற்காக வாங்க வேண்டாம். 3டிஎஸ் கருவியின் இணையக் கடை 2023 மார்ச்சிலேயே விற்பனையை மூடிவிட்டது, பழைய கார்ட்ரிட்ஜைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். பல பேர் ஆடும் சண்டையில் இணைய வசதி கொடுக்காமல் விட்டதும் 2011-க்கே பெரிய குறை. ஒரே தொலைக்காட்சியில் நான்கு பேர் தோளோடு தோள் இடித்துக்கொண்டு ஆடிய 64-இன் கூத்து கையடக்கத் திரையில் வராது.

ஜீரோவைப் பற்றி அதிகம் சொல்ல எனக்கு மனமில்லை. நின்டெண்டோவும் பிளாட்டினம்கேம்ஸும் சேர்ந்து செய்தது, படம் அழகு, பறப்பதும் சொகுசு. ஆனால் தொலைக்காட்சியில் பின்னாலிருந்து பார்க்கும் காட்சி, கையிலுள்ள கேம்பேட் திரையில் விமானி இருக்கைக் காட்சி, அந்தக் கேம்பேடை ஆட்டி ஆட்டிக் குறி வைக்க வேண்டும், கண் இரண்டுக்கும் நடுவே தாவிக்கொண்டே இருக்கும். பழகியவர்கள் சிலர் இதைத்தான் சிறந்தது என்கிறார்கள், அவர்கள் பொய் சொல்லவில்லை, ஒருவர் ஓட்ட இன்னொருவர் சுடும் இரட்டையர் முறையில் அது உண்மையிலேயே களைகட்டும். முதல் முறை ஆடுகிறவருக்கு மட்டும் இது வேண்டாம், கட்டுப்பாட்டோடு போராடியே களைத்துவிடுவார், அந்தக் களைப்பில் இரண்டாம் சுற்று எங்கே போவது.

கையில் என்ன இருக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். ஸ்விட்ச் கன்சோல் இருந்தால் வேலை சுலபம். நின்டெண்டோ ஸ்விட்ச் ஆன்லைன் சந்தாவின் சாதாரண வகையிலேயே முதல் கேமும் ஸ்டார் ஃபாக்ஸ் 2-உம் இருக்கின்றன, 64-க்கு மட்டும் எக்ஸ்பான்ஷன் பேக் சேர்ந்த மேல் வகை வேண்டும். அங்கே நடுவில் நிறுத்திச் சேமிக்கும் வசதி உண்டு என்பதால் 64-இன் சேமிப்புக் குறையும் போய்விடுகிறது. மேல் வகைக்குச் செலவழிக்க மனமில்லை என்றால் 1993 கேமைத் தயங்காமல் எடுக்கலாம், பின்னோக்கிச் சுற்றும் வசதி இருக்கிறது, குறி அடையாளம் இல்லாத கஷ்டத்தை அது பாதியாகக் குறைக்கும். கடினமான வழிகளை முதலிலேயே எடுக்காமல் எளிய வழியில் ஒரு சுற்று போய்விட்டு வாருங்கள். அசல் கார்ட்ரிட்ஜாகத் தேடுகிறவர்கள் ஐரோப்பியப் பதிப்புகளில் முதல் கேம் ஸ்டார்விங் என்றும் 64 லைலாட் வார்ஸ் என்றும் இருப்பதைக் கவனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், இரண்டும் அதே கேம்தான்.

நின்டெண்டோ கருவி எதுவும் இல்லை, கணினி மட்டும்தான் என்றால் எக்ஸ்-சோடியாக் என்ற கேம் 2022 முதல் கிடைக்கிறது. சிறு குழுவின் வேலை, அந்த மொட்டை நிறப் பாலிகன்களையும் தண்டவாளத்தில் போவது போன்ற பறத்தலையும் வேண்டுமென்றே அப்படியே எடுத்துக்கொண்டிருக்கிறார்கள், ஆனால் ஃபிரேம்கள் தடுமாறுவதில்லை. அதை ஆடிப் பார்த்துப் பிடித்தால் 64-க்குப் போங்கள். அங்கே முதல் சுற்றில் எந்தக் குறிப்பையும் பார்க்காமல் கேம் இழுத்த வழிக்கே போய்விடுங்கள், கல் வளைவுகளை இரண்டாம் சுற்றில் பார்த்துக்கொள்ளலாம்.